யாரும் சாகாத ஐந்து நாள்

நம் லைன் வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று சாயங்காலம் நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் தொடர். யார் முதலில் இறங்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நாற்பதை நெருங்கிவிட்ட நீங்கள் எல்லாரும் பத்து வயதுக்குத் திரும்பி அடித்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. அப்போதுதான் மில் உலையில் வேலை பார்த்த ஃபர்னஸ்காரர் மகன் எழுதினான்: 'மேட்ச்சுக்காக யாரும் வேலைய உட்டுடாதீங்கப்பா, அந்தக் காலத்து ஆன்ட்டி மாதிரி.' அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். மஞ்சள் மஞ்சளாக, கண்ணில் தண்ணீர் தெறிக்க. போடாதவர்கள் யார் என்று தேடினேன். யாருமில்லை.

அந்த ஆன்ட்டி என் அம்மா.

சிரித்தது போதும், கொஞ்சம் உட்காருங்கள். குழுவில் எழுதினால் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் இங்கே, அச்சில் எழுதுகிறேன். அம்மா வேலையை விட்டாள் என்று முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட நம் லைனில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கதை ஓடட்டும். நான் அதன் குறுக்கே வந்து நிற்கிறேன்.

அது தை பிறந்த சமயம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்பக்கம் காலையில் பனியும் புகையும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று தெரியாமல் நம் ஓட்டு வீடுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். காற்று கிழக்கே திரும்பினால் பழவேற்காட்டுக் கருவாடு மணக்கும். மேற்கே திரும்பினால் மில் ஆயில். இரண்டும் பழகிய மூக்குகள் நமக்கு. பொங்கலுக்குக் கட்டிய கரும்பின் சோகை இன்னும் சந்தில் கிடந்து மிதிபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சோகையின் மேல் நடந்துதான் செய்தி வந்தது. பாகிஸ்தான் வருகிறதாம். டெஸ்ட் ஆட. எத்தனையோ வருடம் கழித்து. அதுவும் முதல் மேட்ச்சே மெட்ராஸில்.

வருவார்களா, மாட்டார்களா என்பதுதான் அந்தத் தையின் ஒரே பேச்சு. ஆட விடமாட்டோம் என்று எங்கோ யாரோ சொன்னதாகக் காலைப் பேப்பரில் வரும். ஆடியே தீருவார்கள் என்று மாலைப் பேப்பரில் வரும். காலையில் உடைவோம், சாயங்காலம் ஒட்டிக்கொள்வோம். ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்த தெலுங்குக்காரர், எல்லாரையும் நைனா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தானே நைனா ஆகிவிட்டவர், பேப்பரை நாலாக மடித்துப் பாய்லருக்கு மேலே செருகி வைத்திருப்பார். டீ சொன்னால்தான் அது கீழே இறங்கும்.

நமக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. இரும்பு உருட்டு மில்லின் கசடு மேட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் நம் மைதானம் இருந்தது. அம்மா கம்பெனியின் பெட்டிப் பலகையைச் செதுக்கிய மட்டை இருந்தது. செய்தி வந்த மறுநாளே நீங்கள் எல்லாரும் இந்தியா ஆகிவிட்டீர்கள். பாகிஸ்தான் ஆக ஒருவரும் முன்வரவில்லை. எதிராளி இல்லாமல் ஆட முடியாது என்பது புரிந்ததும் என்னைப் பார்த்தீர்கள். இருந்த ஒரே பெண். நான் பாகிஸ்தான். எனக்குத் துணையாக, ஒரிசாவிலிருந்து புதிதாக வந்து நம் பேச்சு ஒன்றும் புரியாத ஃபிட்டர் மகன். அவனை யாரும் கேட்கக்கூட இல்லை.

நாள் தவறாமல் நான்தான் பாகிஸ்தான். நாள் தவறாமல் நீங்கள் ஜெயித்தாக வேண்டும். நான் யாரையாவது போல்டு எடுத்தால் அது ட்ரயல் பால். மறுபடி எடுத்தால் சூரியன் கண்ணில் அடித்துவிட்டது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பிய அம்மா, கையில் டிபன் பையோடு கசடு மேட்டோரம் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"இன்னாடா, டெய்லி இவளே பாகிஸ்தானா?"

அவள்தான் சரியாக இருப்பாள் ஆன்ட்டி என்றீர்கள்.

"இருக்கட்டும். அவங்க நல்லா ஆடலன்னா நீங்க ஜெயிச்சு இன்னா பிரயோஜனம்? ட்ரயல் பால்லாம் கிடையாது. அவுட்டுன்னா அவுட்டு."

டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு அம்பயர் இடத்தில் போய் நின்றுகொண்டாள். அன்று முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்து, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவன் யார் என்று இங்கே எழுதமாட்டேன். நேற்று ஜோக் எழுதிய அதே கைதான் அந்த மட்டையைப் பிடித்திருந்தது.

அம்மாவுக்கு வேலை பல்பு கம்பெனியில். பெல்ட்டில் வருகிற பல்பை ஒவ்வொன்றாக எடுத்து, துளையில் செருகி, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் வலது பக்கம். எரியாவிட்டால் இடது பக்கம். நாள் முழுக்க நின்றுகொண்டே. ஸ்டூல் தரமாட்டார்கள், உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போடவிடமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் சுவரோடு சாய்ந்திருப்பாள். புருஷன்மேல் கோபம் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். என்ன தப்பு செய்தோம் என்று கேட்கத் தெரியாமல் அவரும் விறைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கண்ணை மூடினாலும் உள்ளே பல்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று அவள் என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். அந்த இருட்டு அவளுக்குச் சோறு மாதிரி. ஒரு லைன் முழுக்க அதைக் கோபம் என்று படித்து வைத்திருந்தது.

அந்த இருட்டுக்குள் ஒரு சத்தத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் அவளும் அவள் அண்ணனும், அதாவது என் மாமா, ரேடியோவில் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள். மெட்ராஸில் டெஸ்ட் என்றால் மாமா காலை வண்டியில் வேலைக்குப் போய்விடுவார். இவள் நாள் முழுக்கக் கேட்டுவைத்து, அவர் வந்து சட்டையைக் கழற்றும் முன் ஒப்பிப்பாள். ஒன்-டே அவளுக்குப் பிடிக்காது. "அது இன்னா, பஸ்ஸு புடிக்க ஓட்ற மாதிரி" என்பாள். டெஸ்ட்டில்தான் ஒருவன் வந்து நிற்பான். மட்டையைத் தரையில் தட்டுவான். விடுவான். மறுபடி தட்டுவான். காற்று அடிக்கும். அதையும் வர்ணனையில் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் ஒரு டிவி வந்திருந்தது. பழசு, கறுப்பு வெள்ளை, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். சேனல் மாற்றும் குமிழ் எங்கோ விழுந்து தொலைந்துபோய், கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகுவோம். அந்தக் கட்டிங் பிளேயர் டிவியின் தலைமேலேயே வாழ்ந்தது. அப்பா வேலை பார்த்த உருட்டு மில்லில் உருளைகள் ஓடத் தொடங்கினால் நம் லைனுக்குக் கரண்ட் இறங்கிவிடும்; படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் தபால் கார்டு அளவில் நிற்கும். பழுத்த இரும்பு உருளைக்குள் நுழைகிறபோது சுருங்கும்; வெளியே வந்ததும் விரியும். மூச்சு விடுகிற மாதிரி. கொதிக்கிற இரும்பை அப்பா அங்கே இடுக்கியால் இழுப்பதை, இங்கே சுருங்கி விரிகிற ஒரு செய்தி வாசிப்பாளரின் முகத்தில் பார்த்து வளர்ந்தவள் நான்.

இனி சாவுகளுக்கு வருகிறேன்.

பேட்டையில் காண்ட்ராக்ட் ஆட்கள் லீவு எழுதிக் கேட்பதில்லை. ஷிஃப்ட் தொடங்கும் முன் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். அப்போது எல்லார் முன்னாலும் வாயால் கேட்க வேண்டும். காய்ச்சல் என்றால் மாத்திரை தருவார்கள். கல்யாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்வார்கள். சாவு ஒன்றுக்குத்தான் மறு பேச்சு கிடையாது. அதனால் சூப்பர்வைசர்கள் எதற்கு லீவு என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே கேள்வி: 'யாரு?' சித்தப்பா என்போம். மாமனார் என்போம். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். நம் ஒவ்வொரு வீட்டிலும் உயிரோடு நடமாடியவர்களில் பாதிப் பேர் பேட்டைக் கணக்கில் செத்தவர்கள்.

அந்தத் தையில் நைனா கடை பெஞ்சு சுடுகாடாகவே ஆகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே மில்லில் வேலை செய்தால் இருவரும் ஒரே சித்தப்பாவைச் சொல்லிவிடக் கூடாதே. முதல் நாளைக்கு யார் யாரைச் சாகடிப்பது, கடைசி நாளைக்கு யாரை மிச்சம் வைப்பது என்று முன்கூட்டியே முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமியாருக்காக இரண்டு மருமகன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நைனா டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "மேட்ச்சே நடக்காட்டி இன்னா பண்ணுவ நைனா? செத்தவன எழுப்பிக் கூட்டியாருவியா?"

இந்தக் கலையில் என் அப்பாதான் பெரிய கை. பெரியபாளையத்தில் அவருக்கு ஒரு பெரியப்பா. ஒரு ஒன்-டே மேட்ச்சுக்காக அவரைச் சாகடித்தார். ஆடி மாதம் கோயில் கூட்டத்தில் கடை போட்டு முடித்த கையோடு, அந்தப் பெரியப்பாவே பொரியும் வளையலும் வாங்கிக்கொண்டு தம்பி மகனைப் பார்க்க மில் கேட்டுக்கு வந்துவிட்டார். யார் நீங்கள் என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். இவர் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, பக்குவமாகச் சொன்னாராம்: "நீங்க போன வருசமே போய்ட்டீங்களே பெரியவரே. நாங்கல்லாம் துக்கப்பட்டோமே." பெரியப்பா பொரியைக் கொறித்துக்கொண்டே, அப்படியா, எனக்குச் சொல்லவே இல்லையே என்றாராம். இந்தக் கதையை அப்பா எத்தனை முறை சொன்னாலும் நாம் விழுந்து புரள்வோம். அம்மா சிரிக்கமாட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். ரசனை கெட்ட பொம்பளை என்பார்.

அந்தத் தைக்கு முந்தின வருடம் மாமா செத்துப்போனார். கடம்பத்தூர் மாமா. காலையில் தண்டவாளம் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே கடைக்கு வந்த போன் செய்தியை யாரோ ஓடிவந்து சொன்னபோது அம்மா வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வழக்கம்போல யாரு என்றார். அண்ணன் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாராம். ஏனென்றால் அன்றைக்கு ஏதோ ஒரு ஒன்-டே ஃபைனல். அந்தக் காலையில் மட்டும் அவர் வரிசையில் அண்ணன், மாமன், மச்சான் என்று ஒரு பாடை வரிசையே போயிருந்தது. மத்தியானம் வரை வேலை பார்த்துவிட்டுப் போ, அதற்குள் உன் அண்ணன் எங்கும் ஓடிவிடமாட்டார் என்றிருக்கிறார். கேட்டைப் பூட்டியிருந்தார்கள். அம்மா மத்தியானம் வரை பல்பு செருகினாள். எரிந்தால் வலது. எரியாவிட்டால் இடது. பிறகு மெட்ராஸ் போய் வண்டி மாறி அவள் கடம்பத்தூரில் இறங்கியபோது மண் தள்ளி முடித்து, ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயது. பெரியப்பா கதையைச் சிரிக்கிற கதைகளோடும் மாமா கதையை அழுகிற கதைகளோடும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கதை என்று பார்க்கத் தெரியவில்லை. தெரியாதது எனக்கு மட்டுமா? நைனா கடை பெஞ்சில் மாமியார்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த எந்தப் பெரிய மனிதருக்கும் தெரியவில்லை. பொய்ச் சாவு சொல்லிச் சொல்லி, பேட்டையில் நிஜமாகச் செத்தவனுக்கு மரியாதை இல்லாமல் செய்துவிட்டோம் என்று.

பேப்பரில் மேட்ச் நடக்கும் என்று உறுதியாக வந்த அன்று அப்பா தாராள மனதோடு இருந்தார். அம்மாவுக்கும் ஒரு நாள் பார்க்க ஆசை என்று அவருக்குத் தெரியும். தன் பக்கத்திலிருந்து ஒரு அத்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏற்கெனவே வயதான அத்தை, யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றார். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை வரிசையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவோடு வேலை செய்த எதிர்வீட்டு அக்கா சாயங்காலம் குழாயடியில் நடித்துக் காட்டினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே சூப்பர்வைசர், அவளே அம்மா. சூப்பர்வைசர் ஆகும்போது கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வாள்.

அம்மா லீவு வேண்டும் என்றிருக்கிறாள். ஐந்து நாள்.

"யாரு?"

"யாரும் சாவல சார். டெஸ்ட் மேட்ச்சு."

வரிசை முழுக்கச் சிரித்ததாம். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தாராம். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்ல இவருக்கு ஒரு பிணம் வேண்டும்.

"காலங்காத்தால பேஜாரு பண்ணாதம்மா. பேருக்கு யாரையாச்சும் சொல்லு. நான் மேல இன்னா சொல்றது?"

"மேட்ச்சுன்னே சொல்லுங்க. நாள் பூரா ஒருத்தன் நிக்கிறான் சார். ஒரு ரன்னும் எடுக்கல. அதுக்கு ஜனம் கை தட்டுது. நானும்தான் இங்க நாள் பூரா நிக்கிறேன். ஒரு தபா அத நான் உக்காந்து பாக்கணும்."

இதைச் சொல்லும்போது எதிர்வீட்டு அக்காவின் கழுத்து மெல்ல வெளியே வந்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் நகர்த்தவில்லை. மாமனாரைச் சொல்லேன், நாத்தனாரைச் சொல்லேன் என்று வரிசையிலிருந்தே பெண்கள் எடுத்துக் கொடுத்தார்களாம். சூப்பர்வைசரும், சொல்லித் தொலையேன்மா என்று கெஞ்சுகிற குரலுக்கு வந்துவிட்டாராம்.

"என்கிட்ட இருந்த ஒருத்தரு செத்தப்போ நீங்க நம்பல சார். இனிமே உங்களுக்கு நான் யாரையும் தரமாட்டேன்."

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள், வேலை போகும் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா உள்ளே போய் அன்றைய பல்புகளைச் செருகியிருக்கிறாள்.

செய்தி அவளுக்கு முன்னால் லைனுக்கு வந்துவிட்டது. அப்பா டீக்கடையிலிருந்து வந்த வேகத்தில் விளக்கைப் போட்டார். பல்பு கம்பெனிக்காரி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னாமே இது. ஊரே சிரிக்குது. ஒரு அத்தைய சொல்லிட்டுப் போறதுல உன் நாக்கு இன்னா அழுகியா பூடும்?"

அம்மா கையை எடுக்காமலே பேசினாள். "உங்க பெரியப்பாவ நீ எத்தினி தபா சாவடிச்சேய்யா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எங்கண்ணன் ஒரு தபாதான் செத்துச்சு. அதுக்கு லீவு இல்ல."

அப்பா சட்டைப் பையில் கை விட்டு எதையோ தேடினார், எதையும் எடுக்கவில்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சுவரின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். அவர் பெரியப்பா கதையை அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.

அதற்கு அப்புறம் வந்த நாட்களைத்தான் நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருந்த நாட்கள். மேட்ச்கூட முக்கியமில்லை, அந்தக் காத்திருப்பில் எங்கள் வீட்டுக்குள் ஒரு காற்று வந்துவிட்டது. குழாயடியில் அம்மாவுக்குப் பட்டப்பெயர் வந்தது. அம்பயரம்மா. அதைக் கேட்டால் அவள் குடத்தோடு நின்று, வலது கையின் ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். சொன்னவள் அவுட். பச்சையும் மஞ்சளுமாக நைலான் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று வீட்டில் உண்டு. அப்பா மட்டும் உட்காருவது. இருக்கை நடுவில் அறுந்து தொங்கியது. அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை இழுத்துக் கட்டினாள். எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. மில் எலெக்ட்ரீஷியனிடம் கெஞ்சி, லுங்கியில் சுற்றி ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அது உர்ர் என்று ஒரு பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாற்காலியும் ஸ்டெபிலைசரும் பேசிக்கொண்டன.

முதல் நாள் வந்தது. அந்தக் காலை நம் லைனில் நான்கைந்து சாவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துக்கத்தோடு நைனா கடையில் நாஷ்டா சாப்பிட்டார்கள். அப்பாவும் முதல் நாளைக்கு ஒருவரைப் பேசி வைத்திருந்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் காலையில் எழுந்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மில்லுக்குப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி என்னிடம் சொன்னார்: "படம் சுருங்குச்சின்னா அம்மாகிட்ட சொல்லு. நான்தான் இழுத்துக்கினு கீறேன்னு."

அம்மா குளித்துவிட்டு வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்த முதல் தடவை அது. காலைத் தரையில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் நீட்டினாள், அப்புறம் மடக்கினாள், பிறகு ஒரு காலைத் தூக்கிச் சம்மணமாக்கிக்கொண்டாள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். தரையில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கட்டிங் பிளேயரால் சேனலைத் திருகினேன்.

மைதானம் வந்தது. சாம்பல் நிறப் புல், வெள்ளை வெள்ளையாக மனிதர்கள், நிரம்பி வழிகிற கூட்டம். நாணயம் மேலே போனது. அதே நேரத்தில் மில்லில் உருளை ஓடியிருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் உறுமியது, படம் சுருங்கத் தொடங்கியது. இரண்டு நாடும், எத்தனையோ வருடத்துப் பகையும், அத்தனை ஆயிரம் தலைகளும் தபால் கார்டு அளவுக்கு வந்து நின்றன. பெண்கள் ஐயோ என்றார்கள். அப்பா சொன்னதை நான் சொன்னேன்.

அம்மா நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டாள். "இழுக்கட்டும். நான் எங்கயும் போவல."

முதல் பந்து போட ஆள் ஓடி வந்தான்.

அந்த மேட்ச் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்கே தெரியும். நாலே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தீர்கள், யார் யாரை அழவிட்டீர்கள் என்று குழுவில் ஆயிரம் தடவை எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வருவது அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று சொன்ன சேதி. அன்றைக்குச் சூப்பர்வைசர் வேலைக்கு வரவில்லை. மச்சினர் காலமாகிவிட்டாராம். அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருட்டாகிவிட்டிருந்தது. விளக்கை அவளே எழுந்து போட்டாள்.

மேட்ச் முடிந்து அவள் வேலைக்குப் போனாள். ஆம், போனாள். டிபன் பையோடு, தலை பின்னி, வழக்கமான நேரத்துக்கு. அவள் வேலையை விட்டிருந்தால் எதற்குப் போக வேண்டும்? கேட்டில் காண்ட்ராக்டர் ஆள் நிறுத்தினான். நிறுத்தியவன் ஒரு வழியும் காட்டினான். இப்போதுகூட ஒருவரைச் சொல், உள்ளே விட்டுவிடுகிறேன் என்றான். அவனும் இரக்கத்தோடுதான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா டிபன் பையைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தச் சோற்றை நானும் அவளும் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டோம். அதற்கு அப்புறம் சில வாரம் இழுபறிதான், மறைக்கவில்லை. அப்பா இரட்டை ஷிஃப்ட் பார்த்தார். அந்தக் காலத்தில் எல்லாக் கேட்டிலும் ஆள் தேவை என்று பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மாசி முடிவதற்குள் எதிர் ரோட்டுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஸ்டூல் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தாள்.

ஆக, ஃபர்னஸ்காரர் மகனே, அம்மா வேலையை விடவில்லை. செத்துப்போன தன் அண்ணனை மறுபடி பாடையில் ஏற்ற அவள் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு இன்னும் சிரிப்பு வந்தால் சிரி.

இன்னொன்று. இது உங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வருடம் கோடை வெயில் ஏறிய பிறகு ஒருநாள் எதிர்வீட்டு அக்கா பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தாள். கைக்குழந்தைக்காரி, புருஷன் வெளியூர். உடம்பு சரியில்லையோ என்று அம்மா சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன். அக்கா முகம் கழுவிக்கொண்டு, கன்னத்தில் பாய் வரி பதிந்திருக்க, புதுசாக இருந்தாள். காலை வரிசையில் லீவு கேட்டாளாம். சூப்பர்வைசர் யாரு என்றாராம்.

"யாரும் சாவல சார், தூங்கணும்னேன் அண்ணி."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அவரு இன்னா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு. அப்பால, நாளைக்கு வந்துடுன்னாரு."

அந்த நைலான் நாற்காலி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. கட்டிங் பிளேயர் மட்டும் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இப்போது திருவள்ளூரில் என்னோடு. டிவி சுவரளவு, எந்த மில் ஓடினாலும் சுருங்குவதில்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. அப்பா இன்னும் ஒன்-டே கட்சிதான். கீழே உட்கார்ந்துகொண்டு அடிக்கடி ஸ்கோர் கேட்டுத் திட்டு வாங்குகிறார். அடுத்த மாத மேட்ச்சுக்கு நான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். டெஸ்ட் மேட்ச்சுக்கு என்றே சொன்னேன்.

டாஸுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்துவிடுவாள். நீங்கள் எல்லாரும் வாருங்கள், சிரிக்கிற முகம் போட்டவர்களும்தான். வீட்டில் நாற்காலி நிறைய இருக்கிறது. யாரையாவது சாகடித்துவிட்டு மட்டும் வராதீர்கள். வாசலிலேயே விரலைத் தூக்கிவிடுவாள்.